பெட்டியில் வராத சிப்பாய்

படைவீரர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டும் தமிழ் நண்பர்களுக்கு,

உங்கள் கைத்திறனில் எனக்குக் குறையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி குறைதான்.

உங்கள் அலமாரிகளைப் பார்த்திருக்கிறேன். நெப்போலியனின் காவற்படைக் கிரனேடியர் நிற்கிறார். பக்கத்தில் ஜெர்மன் டாங்கித் தளபதி. கீழ்த்தட்டில் ரோமானிய செஞ்சுரியன், ஒரு சாமுராய், ஒரு பிரஷ்யக் குதிரைப்படை அதிகாரி. ஒவ்வொன்றிலும் மாதக்கணக்கான உழைப்பு தெரிகிறது. பிரெஞ்சுப் படையில் எந்த ரெஜிமென்டுக்கு எந்த நிறக் காலர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஜெர்மன் சீருடையின் சாம்பல் பச்சை 1940இல் எப்படி இருந்தது, 1944இல் எப்படி மாறியது என்று இரண்டு மணி நேரம் சண்டை போடுவீர்கள். அந்தச் சண்டைகளில் நானும் இருந்திருக்கிறேன், ரசித்திருக்கிறேன்.

ஆனால் 1803இல் அசாயே போர்க்களத்தில் நின்ற மதராஸ் சிப்பாய் காலில் என்ன அணிந்திருந்தான் என்று கேட்டால் அறையே அமைதியாகிவிடுகிறது. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி அன்று நடத்திச்சென்ற காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் பட்டாளங்கள்தாம். அவர்களோடு நின்ற ஸ்காட்லாந்துப் படையினருக்கு ஓவியங்கள் உண்டு. சிப்பாய்களுக்கு மிஞ்சியது மதராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் இன்றும் இருக்கும் அசாயே யானை. யானைக்குக் கிடைத்த இடம் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு நீங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "பெட்டியில் வந்தால் வாங்கமாட்டோமா?" வாங்குவீர்கள். ஆனால் வராது. யாருடைய சதியும் இதில் இல்லை, வெறும் கணக்குதான். ஒரு சிற்பி மூல உருவத்தை வடிக்க மாதங்கள் ஆகும். அதிலிருந்து எடுக்கும் சிலிக்கான் அச்சு சில டஜன் பிரதிகளிலேயே கிழிந்துபோகும். இந்தச் செலவை ஈடுகட்ட வாங்குபவர்கள் வேண்டும். அவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது வாட்டர்லூவும் நார்மண்டியும். எப்போதாவது ஓர் இந்தியர் வந்தால் சீக்கியராகவோ கூர்க்காவாகவோ வங்காளக் குதிரைப்படை ஈட்டிவீரராகவோ வருவார். அவர்களும் வரட்டும், அவர்கள்மேல் எனக்கு என்ன வருத்தம்? நம் ஆள் வரிசையிலேயே இல்லை என்பதுதான் வருத்தம்.

இன்னொன்றும் பார்க்கிறேன். சிலர் ஆசைப்பட்டு, ஐரோப்பியப் பொம்மை ஒன்றின் தலையை அறுத்துவிட்டு, தலைப்பாகை கட்டிய வேறொரு தலையைப் பொருத்தி, முகத்துக்குப் பழுப்பு பூசி "மதராஸ் சிப்பாய்" என்று அட்டை வைக்கிறீர்கள். 54 மி.மீ. உருவத்தில் இது ஓரளவுக்குச் செல்லும். அந்த அளவில் கண்ணை ஏமாற்றலாம், பாதியை வண்ணமே செய்துவிடும். 200 மி.மீ. உருவத்தில் செல்லாது. தோள் அகலம், கழுத்தின் நீளம், துப்பாக்கியைப் பிடித்திருக்கும் முழங்கையின் உயரம் எல்லாம் இது வேறொருவன் உடம்பு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே நான் கேட்கப்போவது, வாங்க முடியாததை நீங்களே வடியுங்கள் என்பது. முழு உருவமாக, பெரிய அளவில், கம்பியிலிருந்து தொடங்கி.

"நான் பெயின்டர், சிற்பி இல்லை" என்பீர்கள். இந்தப் பிரிவினையைப் பெட்டி விற்பவர்கள்தாம் உண்டாக்கினார்கள். அமெரிக்காவின் ஷெப் பெயினையும் பில் ஹொரானையும் கொண்டாடுகிறீர்களே, அவர்கள் இருவருமே வெட்டி, ஒட்டி, புட்டி அப்பித் தங்களுக்கு வேண்டிய ஆளைத் தாங்களே உண்டாக்கியவர்கள். கடையில் இருந்ததற்கு வண்ணம் தீட்டியதோடு அவர்கள் நின்றிருந்தால் இன்று அவர்கள் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

பொருளுக்குச் செலவு என்று பயப்படாதீர்கள். வெளிநாட்டுப் புட்டி விலை அதிகம்தான், வந்து சேரவும் நாளாகும். நம் ஊர் வன்பொருள் கடையில் குழாய் ஒழுகலை அடைக்கத் தரும் எம்-சீல் இருக்கிறது. உள்ளுடம்பை நிரப்ப அது போதும். கொஞ்சம் சொரசொரப்பு, கொஞ்சம் ஒட்டும். விரலிலும் கருவியிலும் தண்ணீரோ வாசலினோ தொட்டுக்கொண்டால் சொன்ன பேச்சைக் கேட்கும். நல்ல புட்டியை முகத்துக்கும் கைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் எந்தப் புட்டியானாலும் பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே இறுகிவிடும், அதனால் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். கலந்ததில் மிஞ்சியதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் இறுகுவது தாமதமாகும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இறுகியதைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

முகத்தில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்கி அங்கேயே சோர்ந்துபோகிறார்கள். முதலில் செம்புக்கம்பியில் கூடு. தலை, இடுப்பு, முட்டி, கணுக்கால் எங்கே வரவேண்டும் என்று தாளில் உண்மை அளவுக்கு வரைந்து, அதன் மேலேயே கம்பியை வைத்து வளையுங்கள். உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை அந்தக் கம்பியிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பு ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும். கம்பியில் இது வராவிட்டால் பிறகு எத்தனை பித்தான் வைத்தாலும் அவன் நிற்கமாட்டான். சாய்த்துவைத்த ஆளாகத்தான் இருப்பான். நம் கோயில் செப்புத்திருமேனிகளில் பார்த்துப் பார்த்து இது நம் கண்ணுக்குப் பழகிய விஷயம், கைக்குத்தான் இன்னும் வரவேண்டும்.

கூடு நின்றதும் ஆடையில்லாத உடம்பு. அது முழுவதும் இறுகிய பிறகுதான் சட்டை. சட்டை இறுகிய பிறகுதான் குறுக்குவார். ஒவ்வோர் அடுக்குக்கும் காத்திருக்க வேண்டும். துணியில் மடிப்பு கண்ட இடத்தில் விழாது, எங்கோ ஒரு புள்ளியில் துணி இழுபட்டு அங்கிருந்து கிளம்பும். தோள், முழங்கை, அக்குள், இடுப்புப்பட்டை, இந்த நான்கு இடங்களைப் பிடித்துவிட்டால் மேல்சட்டையில் பெரும்பாலான மடிப்புகள் பிடிபட்டுவிடும். சந்தேகமென்றால் கனத்த துணியில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒரு தடியைத் துப்பாக்கிபோல் பிடித்து நில்லுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை வேண்டாம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கம்பளித் துணியில் தைத்த சிவப்புச் சட்டையைத்தான் அந்த மனிதர்கள் நம் வெயிலில் போட்டிருந்தார்கள். கம்பளி கூர்மையாக மடியாது, உருண்டு மடியும்.

இப்போது காலுக்கு வருகிறேன். ஐரோப்பியக் காலாட்படை வீரனுக்குக் காலுறை, கெய்ட்டர், பூட்ஸ் என்று எல்லாம் மூடியிருக்கும். அந்தக் கால மதராஸ் சிப்பாய்க்குத் தொடையோடு முடியும் வெள்ளை அரைக்கால்சட்டை, அதன் ஓரத்தில் நீல நிறப் பல்விளிம்பு, பாதத்தில் செருப்பு. இடையில் வெறுங்கால். தொடைத்தசை, முட்டிச்சில்லு, கெண்டைக்கால், கணுக்கால் எலும்பு எல்லாம் வெளியே. ஒளித்துவைக்க ஓரிடம் கிடையாது. நெப்போலியன் வீரனை வடிக்கிறவரைவிட மதராஸ் சிப்பாயை வடிக்கிறவருக்கு உடலமைப்பு கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். திறமையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறதல்லவா? காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

துப்பாக்கியையும் பாருங்கள். அன்றைய 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கெட்டின் குழல் மட்டும் 39 அங்குலம். முழு நீளம் சுமார் 140 செ.மீ. பயனெட் மாட்டினால் ஆறடி வரும். ஐந்தடி ஐந்தங்குல மனிதனின் கையில் அதைக் கொடுங்கள். ஒன்பதில் ஒரு பங்கு அளவில் ஆள் 18 செ.மீ. சொச்சம், தரையில் ஊன்றிய பயனெட் துப்பாக்கி 20 செ.மீ. தாண்டும். தன்னைவிட உயரமான ஆயுதத்தைப் பிடித்து நிற்பவனின் நிற்கும் விதமே மாறிவிடுகிறது. தோள் வேறு மாதிரி இறங்குகிறது, பிடி வேறு உயரத்தில் வருகிறது. பெட்டிப் பொம்மையின் கையை அறுத்து ஒட்டினால் இது வரவே வராது.

அடுத்தது தோல் நிறம். என் உண்மையான கோபம் இங்கேதான். சருமத்துக்கென்று விற்கும் வண்ணத் தொகுப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பியச் சருமத்துக்கு. கருந்தோலுக்கு ஒரே ஒரு பழுப்புக் குப்பியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நீங்களும் அந்தப் பழுப்பைப் பூசி, மேடான இடங்களில் வெள்ளை கலந்து ஏற்றுகிறீர்கள். வெள்ளை கலந்தால் கருந்தோல் சாம்பல் பூத்துவிடும், செத்தவன் முகம் வந்துவிடும். வெள்ளையைத் தொடாதீர்கள். பர்ன்ட் அம்பரும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த அடித்தளத்தில் கொஞ்சம் சிவப்பு. ஏற்றத்துக்கு ஆரஞ்சும் மஞ்சள் ஓக்கரும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அடர்நீலம் தொட்ட அம்பர் போதும். நம் தோலில் ஒளி பட்டால் நிறம் வெளுப்பதைவிட மினுங்குவதுதான் அதிகம். நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு, இவற்றின் மேல் வானத்தின் நீலம் லேசாகத் தெரியும். ஆகவே முகத்தை முழுக்க மங்கலான வார்னிஷில் முடித்துவிடாதீர்கள். உள்ளங்கையும் நகமும் வேறு நிறம், உதட்டில் ஊதா இருக்கிறது. இதற்கெல்லாம் புத்தகம் தேட வேண்டாம். பேருந்து நிறுத்தத்தில் மாலை நான்கு மணி வெயிலில் பத்து நிமிடம் நின்று மனிதர்களைப் பாருங்கள். முறைத்துப் பார்த்து அடி வாங்காதீர்கள்.

கணினியில் வடித்து முப்பரிமாண அச்சில் எடுப்பதைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். எடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. உடம்பு தெரியாதவனுக்குக் கணினியும் உடம்பு தராது. யாரோ வடித்த உருவத்தைத் திருட்டு அச்சில் வார்த்து விற்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள்.

ஆதாரம் எங்கே என்பீர்கள். இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காகத் தொழில்வாரியாகக் கணவனும் மனைவியுமாக வரைந்த படங்களில் சிப்பாய்களும் இருக்கிறார்கள். சிப்பாயின் பக்கத்தில் அவன் மனைவி நிற்பாள். லண்டன் அருங்காட்சியகங்கள் அவற்றில் பலவற்றை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. மைசூர்ப் போரில் இங்கிருந்த சார்ல்ஸ் கோல்ட் என்ற பீரங்கிப்படை அதிகாரி வரைந்த படங்கள் 1806இல் நூலாக வந்தன. திப்புவின் காலாட்படை வீரனைக்கூட அதில் பார்க்கலாம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து ஆயுதங்களை நேரிலேயே பார்க்கலாம். டிக்கெட் எடுத்து உள்ளே போகத்தான் யாருக்கும் நேரமில்லை.

இனி, உங்களில் சிலர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரணம். "கம்பெனிக்குக் கூலிக்கு நின்றவனை நாம் ஏன் வடிக்க வேண்டும்?" இது நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்களை மதிக்கிறேன். ஆனால் அதே நீங்கள் ஹிட்லரின் படையை அலமாரியில் நிறுத்தி, "அது வெறும் சீருடை ஆர்வம்" என்கிறீர்கள். வயிற்றுப்பாட்டுக்குச் சிவப்புச் சட்டை போட்ட ஆர்க்காட்டு மனிதனிடம் மட்டும் கொள்கை கேட்கலாமா? அவன் எப்போதும் பணிந்தே நின்றான் என்று யார் சொன்னது?

வேலூரை நினைத்துப் பாருங்கள். மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் புதிய ஆணை வந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, மீசையைக் கத்தரிக்க வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாக வெள்ளைக்காரன் தொப்பியை நினைவூட்டும் ஒன்று, அதில் தோலால் ஆன சின்னம். மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10, விடியலுக்கு முன் கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தன. திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்தார்கள், வேறு குறைகளும் இருந்தன, தொப்பி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி வந்து அன்றே அடக்கினான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மடிந்தார்கள். பிறகு ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பென்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

தொப்பியில் குஞ்சம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று மணிக்கணக்கில் வாதிடும் கூட்டம் நாம். ஒரு தொப்பி காரணங்களில் ஒன்றாகி ஒரு கோட்டையே கொந்தளித்த கதை நம் ஊரில் நடந்திருக்கிறது. அதை உருவமாக வடித்தவர்களை நம் கூட்டத்தில் நான் பார்த்ததில்லை. சண்டைக் காட்சி வேண்டாம். அந்தப் புதுத் தொப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும் ஒரு சிப்பாய் போதும். தலையில் வைக்கவில்லை, கீழே போடவும் இல்லை. விரல்கள் அந்தத் தோல்சின்னத்தைத் தொடாமல் எப்படிப் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வண்ணம் தீட்டுபவர்களுக்கு இன்னொரு சோதனை: அப்போதுதான் அழிக்கச் சொல்லி அழித்த திருநீறு நெற்றியில் மங்கலாக மிஞ்சியிருக்க வேண்டும். மூன்று கோடு தெரியக்கூடாது, கோடு இருந்தது மட்டும் தெரிய வேண்டும். கண் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு முகத்தில் இதைச் செய்து காட்டுகிறவரைத்தான் நான் பெயின்டர் என்று சொல்வேன்.

இருபதாம் நூற்றாண்டுதான் பிடிக்கும் என்பவர்களுக்கு ராணுவப் பொறியாளர்களான மதராஸ் சாப்பர்கள் இருக்கிறார்கள். 1780இல் பயோனியர்களாகத் தொடங்கிய படை. 'தம்பிகள்' என்றே ராணுவத்தில் பெயர். காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் படையில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன ஒன்றின் மேல் தன் உடம்பைப் போட்டு, கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் விருது தரப்பட்டது. அவரை வடிப்பதானால் பாயும் கணத்தை வடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது சினிமா சுவரொட்டி ஆகிவிடும். அதற்கு அரை மணி முன்னால் அவர் செய்துகொண்டிருந்த வேலையை வடியுங்கள். குளிர்காலக் கம்பளிச் சீருடை, சேறு, தரையைப் பார்க்கும் பார்வை. தலையில் என்ன இருந்தது என்பதைப் பழைய புகைப்படங்களைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். இந்தியர் என்றால் சீக்கியத் தலைப்பாகை என்று வெளிநாட்டார் நினைத்தால் மன்னிக்கலாம், நாமும் நினைத்தால் எப்படி?

என் வேண்டுகோள் இதுதான். கையில் இருக்கும் பெட்டியை முடித்துவிடுங்கள், பாதியில் விட வேண்டாம். ஆனால் அடுத்த பெட்டியை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் கம்பியும் புட்டியும் வாங்குங்கள். வரும் ஜூலை 10ஆம் தேதிக்குள் ஆளுக்கு ஒரு மதராஸ் சிப்பாயையோ சாப்பரையோ, ஒன்பதில் ஒரு பங்கு அளவில், முழுக்க உங்கள் கையாலேயே வடித்துத் தீட்டுங்கள். அன்று எல்லோரும் வேலூரில் கூடுவோம். போட்டி இல்லை, நடுவர் இல்லை, பதக்கம் இல்லை. எல்லா உருவங்களும் ஒரே அளவில் இருந்தால் வரிசையாக நிறுத்தலாம். எந்த ஓவியத்தை, எந்தப் புகைப்படத்தைப் பார்த்து எதை முடிவுசெய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தத் தாள்களைப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுப்போம். இரண்டாவது பிரதி வார்க்க முடிந்தவர்கள் அதை உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முழு உருவம் முடியாதவர்கள் மார்பளவு செய்யுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒரு ஜோடி வெறுங்கால். கம்பிக்கூட்டின் அளவுத்தாள் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்புகிறேன். இருவர் ஒரே நிலையில் நிற்கும் ஆளை வடித்துவிடாமலிருக்க, யார் எந்தச் சிப்பாயை எடுக்கிறீர்கள் என்று மட்டும் இந்த மாதத்துக்குள் எழுதுங்கள். கையில் தொப்பியோடு நிற்பவனை நான் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். உங்களில் யாராவது முதலில் கேட்டால் விட்டுக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்களைப் போலவே புட்டி பிசைந்துகொண்டிருக்கும் ஒருவன்